எந்த நாட்டில் விழுவது

“…விழுகிறது பெரிய விசயமில்லை, எந்த நாட்டிலை விழுகிறன் எண்டதுதான் விசயம்,” என்றார் அண்ணை. லண்டனுக்கு வெளிப்புறத்தில், கிட்டங்கி போன்ற ஒரு பெரிய கொட்டகைக்குள், செயற்கைப் பனி கொட்டிய சரிவின் அடியில் நின்றுகொண்டு சொன்னார். காலில் வாடகைச் சப்பாத்து, அதில் பூட்டிய நீளச் சறுக்குப் பலகைகள், தலையில் குரங்குத் தொப்பி. பனியில் சறுக்கப் பழக்க வந்த வெள்ளைக்காரப் பிள்ளை, இவர் பயப்படுகிறாரோ என்று என்னைப் பார்த்தாள். பயம்தான். எங்கள் தம்பியை நினைத்து வந்த பயம்.

நாங்கள் மூன்று பேர். அண்ணை நெடுங்காலம் பாரிசில் இருந்துவிட்டு, பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு விம்பிள்டனுக்கு வந்தவர். தம்பி சுவிசில். நடுவில் பிறந்த நானும் லண்டனில்தான், வெஸ்ட் ஈலிங்கில். ‘ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம்’ என்று யாரோ நடுப்பிள்ளை ஒருவன்தான் சொல்லியிருக்க வேண்டும்.

தம்பியின் மகளுக்குக் கலியாணம் நடந்தபோது, குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்ற அவன் தன் முதலாளியைக் கூப்பிட்டுவிட்டான். தன்னைத்தான் கூப்பிடுவான் என்று முன்வரிசையில் பாதி எழும்பிவிட்ட அண்ணை, பட்டு வேட்டியைச் சரிசெய்வதுபோலப் பாவனை காட்டித் திரும்ப இருந்தார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நாலு வருடமாக எல்லாக் கதையும் என் ஊடாகத்தான் போய் வந்தது. அண்ணைக்கு அவன் ‘உன்ரை தம்பி’. அவனுக்கு இவர் ‘உங்கடை அண்ணை’. இரண்டு பேரும் எனக்கு மட்டும் சொந்தக்காரர்.

இந்த வருடம் என் மகள், குடும்பமாகப் பனிச்சறுக்கப் போவோம் என்றாள். அவள் தேடிப்பிடித்த இடம் ஆல்ப்ஸ் மலையில் பாதி பிரான்சிலும் பாதி சுவிசிலுமாகக் கிடக்கிறது. ஒரே டிக்கெட்டில் இரண்டு நாட்டிலும் சறுக்கலாம். மலைமுகட்டில்தான் எல்லை, கதவில்லை, காவலில்லை. சித்தப்பா குடும்பம் சுவிஸ் பக்கம் தங்கட்டும், நாங்கள் பிரெஞ்சுப் பக்கம் தங்குவோம், முகட்டில் ஏறினால் தானாகச் சந்திப்பு நடக்கும் என்பது அவளுடைய திட்டம். அண்ணை வரச் சம்மதித்தார். ஆனால் ‘உன்ரை தம்பியின்ரை நாட்டிலை’ கால் வைக்கமாட்டாராம்.

அதனால் நான் வழிகாட்டி ஆனேன். எனக்குப் பனிச்சறுக்குத் தெரியாது. சனத்தின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க நன்றாகத் தெரியும். ஆகவே போகிற இடமெல்லாம் விசாரித்தேன். விம்பிள்டன் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், பனி கொட்டினால் வெள்ளைக்காரனுக்கு விளையாட்டு, எங்களுக்குப் பஸ் இல்லாத ஷிப்ட் என்றார். அப்டன் பார்க்கில் மரக்கறி நிறுத்துத் தருகிற அக்கா, “ஆனைக்கும் அடி சறுக்கும் எண்டுதான் சொன்னவை. ஆனைக்குப் பலகை கட்டிவிடச் சொல்லேல்லையே,” என்று கேட்டுவிட்டுக் கத்தரிக்காயைப் பையில் போட்டார்.

உருப்படியான விசயம் மகளிடம்தான் கிடைத்தது. மலையின் படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நான் படித்ததை அண்ணைக்குப் படிப்பித்தேன். சறுக்கும் பாதைகளுக்கு நிறம் உண்டு. பச்சை மிக லேசு, பிறகு நீலம், சிவப்பு; கறுப்பு என்றால் காப்புறுதி எடுத்துவிட்டுப் போகவேண்டும். பிரெஞ்சுக்காரர் பச்சையில் தொடங்குகிறார்கள், சுவிசில் நீலத்தில்தான் தொடக்கம். இதைக் கேட்டு அண்ணைக்குப் பெரிய சந்தோசம். லேசான வழி ஒன்றுகூட வைக்காத நாடு, உன்ரை தம்பிக்கு ஏற்ற நாடுதான் என்றார்.

சந்தோசம் அடுத்த பாடம் வரைதான். முகட்டிலிருந்து சுவிஸ் பக்கம் சறுக்கி இறங்கிவிட்டால், திரும்ப ஏற, கம்பியில் தொங்கிப் போகும் லிப்ட் ஒன்றே வழி. பின்னேரம் கடைசி லிப்ட் நின்றுவிடும். அதைத் தவறவிட்டவன் மலையைச் சுற்றி டாக்சி பிடிக்கவேண்டும், அல்லது இரவை அந்த நாட்டிலேயே கழிக்கவேண்டும்.

அண்ணை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லைக்கோட்டின் மேல் விரலை ஓட்டினார். “பிறேக் பிடிக்கத் தெரியாமல் போய் உன்ரை தம்பியின்ரை வாசலிலை நிண்டனெண்டு வை. அண்ணைதான் முதல் இறங்கி வந்தவர் எண்டு சூரிச்சிலை இருந்து கனடா வரைக்கும் சொல்லுவான்.”

இப்படித்தான் கொட்டகைக்கு வந்து சேர்ந்தோம். எல்லோரும் அங்கே சறுக்கப் பழக வருகிறார்கள். அண்ணை நிற்கப் பழக வந்தார்.

பலகைகளின் முன்நுனிகளைக் கிட்டக் கொண்டுவந்து, பின்பக்கத்தை அகட்டினால் நிற்கலாம் என்று பழக்க வந்த பிள்ளை செய்து காட்டினாள். கொஞ்ச உயரத்திலிருந்து வந்து அண்ணை அழகாக நின்றார். அந்தச் சந்தோசப் புளுகில் நேரே உச்சிக்குப் போனார். புறப்பட்டதும் நுனிகள் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டு விலகின. அண்ணை சின்னப் பிள்ளைகள் இருவரைத் தாண்டி, பழக்கியவளையும் தாண்டி, பாதிச் சரிவில் மல்லாக்க விழுந்தார். எழும்பப் பார்த்தார், பலகைகள் கீழே வழுக்கின. இன்னொருமுறை பார்த்தார், இன்னும் கொஞ்சம் வழுக்கின. நான் விழுந்தெழும்பி நடந்து போய்க் கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

மகள் கரையில் போனைப் பிடித்தபடி நின்றாள். படம் எடுக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது, திரையில் தம்பி. தொடக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நிற்பாட்டு என்று நான் கண்ணைக் காட்ட முதல் அவனுடைய குரல் வந்துவிட்டது.

“அண்ணை, பலகை ரெண்டையும் சரிவுக்குக் குறுக்காலை திருப்புங்கோ. பிறகு எழும்பலாம்.”

நாலு வருடத்தில் என் ஊடாக வராத முதற் சொல். அண்ணை கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தொப்பி இறங்கி ஒரு கண்ணை மறைத்திருந்தது. அதைச் சரிசெய்யவில்லை.

“எழும்புறதுக்கும் நீ சொல்லித்தரப் போறியோ?” என்றார் கூரையிடம்.

“ஏலாதெண்டால் அப்பிடியே கிடவுங்கோ,” என்றான் தம்பி. “எனக்கென்ன.”

அண்ணை ஒரு காலைத் தூக்கினார். பிறகு மற்றக் காலைத் தூக்கினார். இரண்டு பலகைகளையும் குறுக்கே திருப்பி வைத்தார்.