மூன்றாவது பாய்மரம்

கொதிநீரிலிருந்து எடுத்த பலகைச் சீவலை ஹாஷிம் நானா முதலில் தன் இடது கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார். கன்னம் தாங்கிக்கொண்டால் அது திரும்பவும் தண்ணீருக்குள் போகும். தாங்க முடியாமல் முகத்தைச் சுளித்தாரானால் உடனே கப்பலின் விலாவில் வைத்து வளைத்து, சின்ன ஆணியால் அறைந்துவிடுவார். அடுப்பில் இருப்பது பானையல்ல, இரண்டு முனையும் அடைத்த கூரைத் தண்ணீர்ப் பீலித் துண்டு. நாலடிப் பொம்மைக் கப்பலுக்கு வேண்டிய சீவல்கள் அதில்தான் நீட்டிப் படுக்கும்.

“பொறுக்கேலாத சூடு வேணும் டீச்சர். பொறுக்க ஏலுமான சூட்டுல மரம் பேச்சுக் கேக்காது.”

நெற்றியில் தொழுகைத் தழும்பு, கன்னத்தில் பலகைத் தழும்பு. இரண்டும் ஒரே கறுப்பு.

அலுவிகாரையில் பிரதான வீதியை ஒட்டி, வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட சாய்ப்பு ஒன்றில் அவருடைய பட்டறை. தம்புள்ளைப் பக்கம் போகும் பஸ் ஒவ்வொன்றுக்கும் கூரையிலிருந்து மரத்தூள் உதிரும். வயது ஐம்பத்தெட்டு. பென்சிலைத் தொப்பிக்குள் செருகி வைத்திருப்பார். தொழும்போதும் அது அங்கேதான். அளவெல்லாம் விரல் கணக்கு. ஒன்று சொல்ல வேண்டுமென்றால் இரண்டு முறை தொண்டையைச் செருமி, பிறகு சொல்லாமலே விட்டுவிடுகிறவர். நான் பக்கத்து ஒழுங்கையில் குடியிருக்கும் பள்ளிக்கூட ஆசிரியை. உடைந்த நாற்காலிக் காலோடு ஒருநாள் அங்கே போனேன். அதிலிருந்து போய் வருகிறேன்.

நாற்காலி, கட்டில் செய்துகொண்டிருந்த தச்சு பாஸ் அவர். பதினொரு வருடத்துக்கு முன் சீகிரியாவிலிருந்து ஒரு ஹோட்டல்காரர், யாரோ வெள்ளைக்காரப் பிள்ளை மிதித்து நொறுக்கிய பொம்மைக் கப்பலொன்றைக் கொண்டுவந்து இறக்கினார். பலகை வேலையை ஹாஷிம் நானா இரண்டு நாளில் முடித்துவிட்டார். கயிறுகள்தான் அவரைத் தோற்கடித்தன. இடது பெருவிரல் நகத்தைச் சீவுளி கொண்டுபோயிருந்தது. மற்ற விரல்களோ ஒவ்வொன்றும் கதலி வாழைப்பழம் அளவு. அப்போதுதான் தங்கையின் கணவர் ஸுஹைலைக் கூப்பிட்டார். டவுனில் தையல் கடை வைத்திருந்த ஸுஹைலுக்குப் பெண்பிள்ளையின் விரல்கள். அன்றைக்குப் பிரித்துக்கொண்ட வேலை அப்படியே நிலைத்தது. கப்பலின் மேல்தட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் ஹாஷிம் நானாவுடையது. மேலே நிற்கிற மரங்களும் கயிறுகளும் நூலேணிகளும் ஸுஹைலுடையவை.

“வயிறு என்ட. நரம்பு மச்சான்ட” என்பார்.

இரண்டு பேரும் கடலைப் பார்க்கப் போனது மொத்தம் மூன்று தரம். கப்பலில் ஏறியவர்களில்லை. படங்களை ஸுஹைல் தொலைபேசியில் தேடி எடுப்பார், போட்டோகொப்பி எடுக்கும் கொமினிகேஷன் கடையில் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டுவார்கள். அந்தந்த உறுப்பின் பெயரும் தெரியாது, அதனால் அவர்களே வைத்துக்கொண்டார்கள். அடிமரத்துக்கு முதுகெலும்பு. பாய் தொங்கும் குறுக்குக் கம்புக்குத் தோள். வயிற்று வேலை முடிந்ததும் ஹாஷிம் நானா ஒவ்வொரு கப்பலையும் கொல்லைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிடுவார். கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கப் போகிற சாமானுக்கு எதற்கு இந்தச் சோதனை என்று கேட்டேன். தொண்டையைச் செருமினார், அன்றைக்குப் பதில் வந்தது.

“ஒரு தரம் தண்ணிய பாத்தா தான் அதுக்குத் தெரியும், நாம கப்பல்ண்டு.”

ஸுஹைல் பேசுவார். மலையிலுள்ள தன் வீட்டிலிருந்து வந்து காலை ஏழரைக்கு த்ரீவீலிலிருந்து இறங்கும்போது தொடங்கினால் பின்னேரத்து அஸர் பாங்கு வரை பேச்சு ஓயாது. அரிசி விலை, கிரிக்கெட், மகள் றிஸ்லாவின் பரீட்சை, எந்த நாட்டுக்காரன் எந்த முடிச்சைக் கண்டுபிடித்தான் என்பது. பல்லில் நூலைக் கடித்தபடியே பேசுவார். நான் போனால் எனக்கும் ஒரு விடயம் வைத்திருப்பார். ஹாஷிம் நானா எதற்கும் பதில் சொல்லிக் கேட்டதில்லை. சீவுளி ஓடுகிற சத்தம்தான் பதில்.

போன கார்த்திகையில் ஒரு மூன்று மரக் கப்பல் மேசையில் நின்றது. சீகிரியாப் பக்கம் சின்ன ஹோட்டல் நடத்தும் ஒரு சிங்கள நோனா, புதிதாகக் கட்டும் சாப்பாட்டு மண்டபத்துக்காகச் சொல்லியிருந்தார். முதல் மரத்துக்கும் இரண்டாம் மரத்துக்கும் ஸுஹைல் கயிறு கட்டி முடித்திருந்தார். மூன்றாவது மரம் மொட்டையாக நின்றது. அந்த வியாழக்கிழமை புயல் மழையில் பகலே இருட்டிப் போனது.

“மச்சான், ரெண்டு நாளைக்கு இங்கயே படுத்துக்கிறேன். இந்த மழைல நம்ம மலை ஏறுறது லேசில்ல. மத்த மரத்தையும் முடிச்சிட்டே போறேனே” என்று ஸுஹைல் கேட்டிருக்கிறார்.

“பொம்புளைங்க ரெண்டு பேரும் தனியா இருக்காங்க. நீ போ.”

ஸுஹைல் போனார். வெள்ளிக்கிழமை விடியற்கால சுபஹுத் தொழுகைக்கு முன், மலையில் கல் உருளும் சத்தம் கேட்டு எழுந்தவர் அவர்தான். மனைவி நிஷ்மியாவையும் றிஸ்லாவையும் இழுத்துக்கொண்டு கீழேயுள்ள பள்ளிவாசலுக்கு ஓடினார். பள்ளிவாசல் படியில் ஏறும்போது நிஷ்மியா, “என்ட சீனி வருத்த மருந்து அலமாரில இருக்கே” என்றார். “அஞ்சு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு ஸுஹைல் திரும்பிப் போனார். மண்சரிவு அந்த வரிசையில் நாலு வீட்டைக் கொண்டுபோனது.

வீதி உடைந்து கிடந்தது. ஹாஷிம் நானா அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே போனார். மூன்று நாள் தோண்டினார்கள். நாலாம் நாள் கிடைத்த ஸுஹைலின் ஜனாஸாவைக் குளிப்பாட்டியவர்களில் அவரும் ஒருவர். அதைப் பற்றி ஒரேயொரு தரம்தான் என்னிடம் சொன்னார். நகத்துக்குள் இருந்த மண் எல்லாம் போய்விட்டதாம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில், நூலுக்குப் பூசுகிற தேன்மெழுகின் மஞ்சள் மட்டும் போகவில்லையாம்.

“சவுக்காரம் போட்டும் போகல. பொறகு, இருக்கட்டும்ண்டு விட்டுட்டேன்.”

நிஷ்மியாவும் றிஸ்லாவும் இப்போது இவர் வீட்டில்தான். முன்னறையில் நிஷ்மியா, கணவனை இழந்தவர்கள் வெளியே வராமல் இருக்கும் இத்தா இருந்தார். கப்பல்களுக்குப் பாய் தைப்பது முன்பிருந்தே அவருடைய வேலை. மல்துணியைத் தேயிலைச் சாயத்தில் முக்கி, காயவைத்து, அரிசி போன்ற தையலில் ஓரம் மடிப்பார். இந்தக் கப்பலுக்குத் தைத்து வைத்திருந்த பாய்கள் மண்ணுக்குள் போய்விட்டன. ஹாஷிம் நானாவின் மனைவி ஹமீமா புதுத் துணி வாங்கிவந்து கொடுத்தார். நாலு மாதம் பத்து நாளும் நிஷ்மியா அதைத் தைத்தார். தைத்ததைப் பிரித்தார், பிரித்ததைத் தைத்தார். பார்க்கப் போகிற பெண்களிடம் எல்லாம், யாரும் கேட்காமலே, ஒன்றையே சொன்னார்: “நான் மருந்தச் சொல்லாம இருந்திருக்கலாம்.”

ஹாஷிம் நானாவுக்கு ஆறுதல் சொல்ல ஊரே இருந்தது. மௌலவி சொன்னார், ஹமீமா சொன்னார், நானும் சொன்னேன். நீங்கள் அனுப்பாவிட்டால் அன்றைக்கு அந்த இரண்டு பேரையும் எழுப்ப ஆளில்லையே என்று. நான் சொன்ன அன்று அவர் ஒரு விலாவை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும் டீச்சர். அவன் போகாட்டி தங்கச்சியும் புள்ளயும் இல்ல. எல்லாரும் சொல்றது சரி தான்.” இரண்டு முறை செருமினார். நான் எழுந்துவிடலாமா என்று பார்த்தேன். “ஆனா நான் அத நெனச்சு அனுப்பல்ல. அண்டைக்கு எனக்கு அவன்ட பேச்சு அலுத்துப் போச்சு. காலைலருந்து ஒரே பேச்சு. மழைச் சத்தம் வேற. கொஞ்சம் சும்மா இருந்தா நல்லம்ண்டு தான் போகச் சொன்னேன். பொம்புளைங்க தனியாண்டு சொன்னது சும்மா வாய்க்கு வந்தது.”

பிறகு உப்புத்தாளைத் தட்டித் தூளைக் கொட்டினார். “இத நான் நிஷ்மியாக்குச் சொல்லல்ல.”

பட்டறையில் இப்போது சத்தமே இல்லை. றிஸ்லா ஒருநாள் பழைய ரேடியோ ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் அது ஹமீமாவின் குசினியில் இருந்தது.

மாசி மாதம் அவர் மூன்றாவது மரத்தில் கை வைத்தார். புருவம் பிடுங்கும் சாமணம் ஒன்று, மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு மூக்குக்கண்ணாடி. ஸுஹைல் ஒரு மணி நேரத்தில் கட்டுவதை அவர் நாலு நாள் கட்டினார். பிடிக்காமல் வெட்டினார். திரும்பக் கட்டினார். கீழே விழுந்து கிடந்த நூல் துணுக்குகளைப் பார்த்தால் யாரோ தலைமயிர் வெட்டிய இடம் மாதிரி இருக்கும். ஒருவழியாக ஒரு கயிறு நின்றது. அதன் மறுமுனையை இரண்டாம் மரத்தின் மேற்பகுதியில் கட்டி இறுக்கியபோது இரண்டாம் மரம் பின்னுக்குச் சாய்ந்தது.

ஏன் என்று குனிந்து பார்த்தார். இரண்டாம் மரத்தை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கிற கயிற்றில் ஸுஹைல் கடைசி முடிச்சைப் போட்டிருக்கவில்லை. நுனியை இழுத்தால் கழன்றுவிடும் உருவு முடிச்சு ஒன்றே இருந்தது. இரவில் நூல் ஈரம் குடித்துத் தளரும், வெயில் ஏறியதும்தான் இறுக்க வேண்டும் என்பது ஸுஹைலின் சட்டம். வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறுக்கத்தான் அதை அப்படி விட்டுப் போயிருந்தார். மரம் நிமிர வேண்டுமானால் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். அந்தக் கைகள் கடைசியாகக் கட்டியது அது.

ஹாஷிம் நானா கப்பலின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடிவிட்டு, யாருக்கோ அலமாரி செய்யத் தொடங்கினார். நான் போகும் நாட்களில் துணிக்குள் மூன்று மரங்களும் முட்டிக்கொண்டு நிற்கும். நடு மரம் கொஞ்சம் சாய்ந்து.

ஹோட்டல் நோனா இரண்டு தரம் போன் எடுத்தார். நல்ல மனுசி. அவசரமில்லை என்றுதான் முதலில் சொன்னார். சித்திரையில் எடுத்தபோது, மண்டபத்தை வெசாக் பண்டிகைக்குத் திறக்கிறோம், உங்களால் முடியாதென்றால் நீர்கொழும்பில் ஒரு ஆள் இருக்கிறார், கயிறு முழுவதையும் கழற்றிப் புதிதாகக் கட்டித் தருவாராம் என்றார். ஹாஷிம் நானா சிங்களத்தில் ஒரே சொல்லில் வேண்டாம் என்றார். போனை வைத்த பிறகு தமிழிலும் ஒரு தரம், ஒருவரும் இல்லாத திசையில், “வேணாம்” என்றார்.

நிஷ்மியா இத்தா முடித்து ஒரு வாரம் கழித்து, மடித்த பாய்களைத் துவாயில் சுற்றிக்கொண்டு முதன்முதலாகப் பட்டறைக்கு வந்தார். நான் அங்கே இருந்தேன். எழுந்தேன், “இருங்க டீச்சர்” என்றார். மெலிந்து போயிருந்தார். வந்ததும் அந்த வெள்ளைத் துணியைத் தானே எடுத்துவிட்டு முதல் மரத்தைப் பார்த்தார். இரண்டாம் மரத்தைப் பார்த்தார். ஒரு நூலேணியில் விரல் வைக்கப் போய், வைக்காமல் எடுத்தார்.

“ஏன் நானா இது சாஞ்சிருக்கு?”

ஹாஷிம் நானா முடிச்சைக் காட்டிச் சொன்னார். சொல்லிவிட்டுச் செருமினார். இந்த முறை விட்டுவிடவில்லை. வியாழக்கிழமை நடந்ததை, என்னிடம் சொன்ன அதே சொற்களில், கப்பலைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

நிஷ்மியா துவாயை அவிழ்த்துப் பாய்களை ஒவ்வொன்றாக மேசையில் விரித்தார். சுருக்கத்தை உள்ளங்கையால் தேய்த்தார்.

“அவர்ட பேச்சு எனக்கும் தான் அலுக்கும் நானா” என்றார். “அந்த ராவும் வந்ததுலருந்து பேச்சு. இந்தக் கப்பலப் பத்தித் தான். கொஞ்சம் படுங்களேன்ண்டு நானும் ஏசினேன்.”

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நிஷ்மியா குனிந்து, அந்த முடிச்சின் நுனியை இரண்டு விரலால் பிடித்தார். உதடு மட்டும் அசைந்தது, பிஸ்மி சொல்லியிருப்பார். இழுத்தார். முடிச்சு சத்தமில்லாமல் கழன்றது. ஹாஷிம் நானா நூலை வாங்கி இழுத்து மரத்தை நிமிர்த்தினார். அவர் போட்ட முடிச்சு பெரிது, அழகில்லாதது. பார்க்கிறவர் எவருக்கும் தெரியும் இது வேறு கை என்று. அதை அவர் வெட்டவில்லை.

அன்று பின்னேரம் வரை இரண்டு பேரும் பாய் ஏற்றினார்கள். அவர் குறுக்குக் கம்புத் தோளைப் பிடிக்க, தங்கை நூலைக் கோத்தார். மூன்று மரத்திலும் பாய் ஏறி முடிந்தபோது வெளியே ஒரு தம்புள்ளை பஸ் வேகமாகப் போனது. திறந்திருந்த கதவு வழியாக வந்த காற்றில் தேயிலை நிறப் பாய்கள் எல்லாம் ஒரே மூச்சில் புடைத்துக்கொண்டன. கப்பல் மேசையில் ஒரு விரற்கடை நகர்ந்தது.

நிஷ்மியா வாயைப் பொத்திக்கொண்டார். ஹாஷிம் நானா விரைந்து குனிந்து, இரண்டு கைகளாலும் அதன் வயிற்றைச் சேர்த்துப் பிடித்தார். பஸ் போய்விட்டது. பாய்கள் தளர்ந்து தொங்கின. அவர் கையை எடுக்கவில்லை.