சாவியைத் தர மாட்டேன்

போன வியாழக்கிழமை சாயங்காலம் செம்பூர் ஸ்டேஷன் வாசலில், இன்னொருத்தியின் ஸ்கூட்டர் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு 'தர மாட்டேன், என்ன பண்ணுவே?' என்று நின்ற பெண்மணி நான்தான். பார்த்தவர்கள் திருட்டு கேஸ் என்று நினைத்திருந்தால்... தப்பே இல்லை.

சாவி ஜெயாவுடையது. பதினோரு வருஷமாக ஒரே லோக்கல் ரயிலில், ஒரே லேடீஸ் பெட்டியில் ஆபீஸ் போய் வருகிறோம். எங்கள் கூட்டத்தில் யாருக்கு உடம்புக்கு என்ன வந்தாலும் டாக்டர், செம்பூருக்கு அடுத்த கோவண்டியில் இறங்கும் ஸ்டெல்லா அக்காதான். அவர் வேலை பார்ப்பது என்னவோ இன்ஷூரன்ஸ் ஆபீஸில். ஆனால் ஹேண்ட்பேகில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். தலைவலிக்கு, வயிற்றுக்கு, அலர்ஜிக்கு என்று ஸ்ட்ரிப்பிலிருந்து கத்தரித்த மாத்திரைத் துண்டுகள். மருந்தின் பெயர் எந்தத் துண்டோடு போனதோ, யாருக்குத் தெரியும்? வேண்டாம் என்றால் பிரசாதத்தை மறுத்த மாதிரி முகம் மாறிவிடும்.

அன்றைக்கு ஜெயாவுக்கு ஓயாத தும்மல். ஆபீஸ் வாசலில் ரோடு தோண்டுகிற தூசி. ரயில் கிளம்பும் முன்பே டின் திறந்தது.

"ஏட்டி, இந்த மஞ்ச மாத்திரையப் போடு. டக்குனு நின்னுரும்."

தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கிவிட்டாள்.

"இன்னிக்கு வேற எதாவது போட்டியா?" என்றேன்.

"மூணு மணிக்கு ஆபீஸ்ல ஒரு சளி மாத்திரை. ஏன்க்கா?"

ஏனா? சளி மாத்திரைகள் பலவற்றில் அலர்ஜி மருந்தும் சேர்ந்தே இருக்கும். பெரும்பாலும் பழைய ரகம், தூக்கத்தைக் கொண்டுவரும். அதன் மேல் இன்னொரு அலர்ஜி மாத்திரை போட்டால் டபுள் டோஸ். எனக்கு எப்படித் தெரியும்? போன வருஷம் நானும் இப்படித்தான். சளி மாத்திரைக்கு மேல் இதே டின்னிலிருந்து ஒன்று. செம்பூரில் இறங்க வேண்டியவள் கடைசி ஸ்டேஷனான பன்வேலில் கண் விழித்தேன். மறுநாள் கெமிஸ்ட் விளக்கியபோதுதான் புத்தி வந்தது.

குர்லா தாண்டியதும் ஜெயாவுக்குக் கண் செருகியது. செம்பூரில் அவள் ஸ்கூட்டர் நிற்கிறது. அதில் போய், அபாகஸ் கிளாஸிலிருந்து எட்டு வயது மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே வீட்டுக்குப் போக வேண்டும்.

"இன்னிக்கு ஆட்டோல போ."

"பத்து நிமிஷ வழிக்கா. நல்லாத்தான் இருக்கேன்," என்றாள், கொட்டாவிக்கு நடுவே.

ஸ்டெல்லா அக்காவுக்குச் சுருக்கென்றது. "நான் என்ன வெசமா குடுத்தேன்? இருவது வருசமா குடுக்கேன், எவளாவது செத்தாளா?"

கூட்டம் முழுக்க அவர் பக்கம். ஓவராப் பண்றேனாம். ஆமாம், பண்ணினேன்.

செம்பூரில் நாங்கள் இருவரும் இறங்கினோம். வாசலில் ஜெயா சாவியை எடுத்தாள். கீழே விழுந்தது. எடுத்தாள், மறுபடி விழுந்தது. இந்தத் தடவை எடுத்தது நான்.

"நீங்க யாருக்கா என் சாவிய எடுக்க?"

நியாயமான கேள்வி. ஆனாலும் சாவியைத் தரவில்லை.

ஆட்டோவைக் கூப்பிட்டேன். திட்டினாள், அழுதாள், ஏறினாள். முதல் சிக்னல் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். கிளாஸுக்குப் போய் மகளை நான்தான் அழைத்து வந்தேன். ஆட்டோ நின்றதோ, குழந்தை ஏறியதோ ஜெயாவுக்குத் தெரியவே தெரியாது.

மறுநாள் காலை சாவியை நீட்டினேன். வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். ஒரு வாரமாக எனக்கு, மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒண்டிக்கொள்ளும் ஃபோர்த் சீட்கூடக் கிடையாது — நகர்ந்து உட்கார ஒருத்திக்கும் மனசு வரவில்லை. நின்றுகொண்டே போகிறேன்.

போகிறேன், அதனாலென்ன? தும்மலுக்கெல்லாம் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மாத்திரை வாங்கும்போது கெமிஸ்டிடம் கேளுங்கள்: இது தூக்கம் வரவைக்குமா? நான் ஏற்கெனவே போட்டதோடு ஒத்துப்போகுமா? 'தூக்கம் வராத ரகம்' என்று தருவதும் சிலரைச் சாய்த்துவிடும். அது உங்களை என்ன செய்கிறது என்று தெரிகிறவரை வண்டியைத் தொடாதீர்கள். தொட்டால், பக்கத்தில் நான் இருந்தால், சாவியைப் பிடுங்குவேன்.

நேற்று ஜெயா தன் சீட்டிலிருந்து செம்பூர் வரைக்கும் என்னை முறைத்துக்கொண்டே வந்தாள்.

முறைக்கட்டும். முறைக்க அவள் இருக்கிறாளே, அது போதும்.