ரதியின் புலம்பலுக்குப் பதினாறு ஜிபி

கம்ப்யூட்டர் திருத்துவது என் தொழில் என்று நான் வேலை பார்க்கிற பதுளைக் கடையின் போர்டில் எழுதியிருக்கிறது. உண்மையில் நான் பார்ப்பது, குடியிருப்பவர்களைக் கிளப்பி இடம் காலி பண்ணிக் கொடுக்கிற வேலை.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். மேலே பழைய துணி போர்த்தி, அதன் மேல் பூச்சாடி வைத்து. திறந்தால் டிரைவ் எல்லாம் சிவப்புக் கோடு. எதை அழிக்கலாம் என்று வாய் திறந்து கேட்டுப் பாருங்கள், அன்றைக்குச் சோறு கிடைக்காது. நானும் உங்கள் கட்சிதான். ஊரார் கம்ப்யூட்டரைக் காலி பண்ணிக் கொடுக்கிற எனக்கு, என் வீட்டு மெஷினில் ஒரு பாட்டு ஏற்ற இடமில்லை.

ஓர் எழுத்துப் பெயர்கள்

ஒரு திங்கட்கிழமை மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சுகந்தி போன் பண்ணினாள். தோட்டப் பள்ளியில் நிரந்தர நியமனமில்லாத தொண்டராசிரியையாகப் படிப்பிக்கிற பெண். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். அவள் பாடம் நடத்துவதைக் கால் மணி நேர வீடியோவாக்கி வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். போனில் படம் எடுத்தாயிற்று. அதை வெட்டி ஒட்டக் கம்ப்யூட்டரில் பத்து ஜிபி வேண்டும். இருந்ததோ ஒன்றுகூட இல்லை. போன வருஷமும் இதே கதையாகித் தவறிப்போயிற்று. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும்.

செவ்வாய்க்கிழமை போய்த் திறந்தால், அ, ஆ, இ, ஈ என்று வரிசையாக ஃபைல்கள். அக்கன்னா வரை முடிந்து, க, கா, கி என்று போய்க்கொண்டிருந்தது. எது என்னவென்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். யார் இப்படிப் பெயர் வைத்தது என்று கேட்டேன். சுகந்தியின் அப்பா மருதமுத்து முகமெல்லாம் சிரிப்பாக முன்னால் வந்தார். மகள் இடமில்லாமல் தவிப்பதைப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாப் பெயரையும் அவர்தான் குறைத்திருக்கிறார்.

“‘பக்கத்து வீட்டு செல்வம் மக சடங்கு’ன்னு முழுசா எழுதி வச்சா, அந்தப் பேரே எவ்வளவு எடம் புடிக்கும், சொல்லுங்க தம்பி?”

மதன் செத்துக் கிடக்கிறான்

தேடித் தேடிக் கடைசியில் திருடனைப் பிடித்தேன். மூன்றே மூன்று ஃபைல், முப்பத்தெட்டு ஜிபி. தோட்டத்தில் மாசி மாதம் ஆடுகிற காமன் கூத்து. முதல் ஃபைலில் மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம். இரண்டாவதில் சிவன் மதனை எரிக்கிறார், ரதி விழுந்து புரண்டு அழுகிறாள். மூன்றாவதில் மதன் உயிரோடு எழுகிறான். அழுகிற ரதியை உற்றுப் பார்த்தேன். சேலை, சவுரி, கைநிறைய வளையல். நம்ம மருதமுத்து! பல வருஷமாக அவர்தான் அந்தத் தோட்டத்து ரதி. அந்த அழுகை மட்டும் இரண்டு மணி நேரம், அந்த ஃபைல் பதினாறு ஜிபி. படம் பிடித்தவர் வெளிநாடு போய்விட்டார், வேறு பிரதியே கிடையாது.

மூன்றாவது ஃபைலை அழிக்கலாமா என்றேன். மருதமுத்து என் கையைப் பிடித்துவிட்டார். அதை அழித்தால் மதன் செத்தவன் செத்தவனாகவே கிடப்பான், லயத்து வரிசை வீடுகளுக்கே ஆகாதாம். சரி, ஃபைலைச் சிறிதாக்கலாம் என்றால் அந்தக் கிழட்டு மெஷினுக்கு ஒரு வாரம் பிடிக்கும். கடைசியாக, அழுகையில் ஒரு மணி நேரத்தையாவது வெட்டிவிடலாமா என்று பயந்து பயந்து கேட்டேன். சுகந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள், மருதமுத்து பொங்கிவிட்டார்.

“ரதி அழுகையைக் கொறைச்சா மதன் எப்படிங்க எந்திரிப்பான்?”

எல்லை தாண்டக் கூடாது

என் பையில் ஒரு டிஸ்க் இருந்தது. கூத்தை அதில் ஏற்றிப் பதுளைக் கடையில் பத்திரமாக வைக்கிறேன் என்றேன். அதற்கும் சட்டம் இருந்தது. மதன் உயிர்த்தெழாமல் காமனைத் தோட்டத்து எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. அப்படியென்றால் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டி, மதனை எழுப்பிய பிறகுதான் ஏற்றலாம். ஏழு மணி நேரம். நடுவில் தாண்டி ஓட்டினால் செல்லாது.

கடை முதலாளி நிசார் நானாவுக்குப் போன் போட்டு நிலைமையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவருக்கோ பஸ்தான் கவலை.

“அப்ப எழுப்பிட்டே ஏத்திட்டு வாங்க தம்பி, நாளைக்குக் கடைசி பஸ்ஸை மட்டும் விட்டுராதீங்க.”

நேரடி ஒலிபரப்பு

மறுநாள் பௌர்ணமிப் போயா லீவு. பெரட்டு என்கிற காலை ஆள்கணக்கும் இல்லை, கொழுந்தெடுக்கிற வேலையும் இல்லை. எட்டு மணிக்கே லயமே திரண்டு வந்துவிட்டது. கல்யாணம் நன்றாக முடிந்தது. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார், மதன் எரிந்தான், ரதி தலைவிரி கோலமாக வாயைத் திறந்தாள். மெஷின் அப்படியே நின்றுவிட்டது. திறந்த வாய் திறந்தபடி. ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்னை எல்லோரும் பார்த்த பார்வையில் கொலை இருந்தது.

நான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். அது எழும்பக் கால் மணி நேரமாகும். அதுவரை மதனைப் பிணமாகப் போட்டு வைக்கலாமா? மருதமுத்து எழுந்தார். மகளின் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு, என் கம்ப்யூட்டர் பையைக் கட்டிப்பிடித்து, விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தார். பெண்களெல்லாம் கூடவே அழுதார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் கண் கலங்கிவிட்டது. கம்ப்யூட்டர் மெல்ல உயிர் பெற்று விண்டோஸ் சத்தம் கொடுத்தபோது, பக்கத்து வீட்டு செல்வம் எரிச்சலோடு திரும்பினார்.

“அதை ஆஃப் பண்ணுங்க சார், இதுதான் தெளிவாக் கேக்குது!”

காலி வீடு

மூன்று மணி தாண்டி மதன் எழுந்தான். திரைக்குச் சூடம் காட்டினார்கள். முதல் ஃபைலையும் மூன்றாவதையும் என் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு அங்கே அழித்தேன். இரண்டாவதற்கு டிஸ்க்கில் இடமில்லை, யார் யாருடைய கல்யாணமெல்லாமோ அதில் குடியிருந்தது. ‘ரதி எங்கிட்டயே இருக்கட்டும் தம்பி’ என்று மருதமுத்து சந்தோஷமாகச் சொன்னார். அடுத்த வாரம் வேறு டிஸ்க் கொண்டுவருவதாகச் சொன்னேன். இருபத்திரண்டு ஜிபி காலி. சுகந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசி பஸ்ஸில் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தேன்.

வியாழன் சாயங்காலம் சுகந்தியிடமிருந்து போன். லயத்தில் ஒரு வீடு காலியானால் அது எத்தனை நாள் காலியாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சுகந்தி பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், நாலு வீட்டுக்காரர்கள் தங்கள் போனில் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டிவிட்டு, போனைத் துடைத்துக் காலி பண்ணி வைத்துவிட்டார்கள். செல்வத்தின் இரண்டாவது மகள் சடங்கு, கதிர்காம யாத்திரை, எல்லாம். அழித்தால் அவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. அவள் கையிலிருந்து செல்வம் போனை வாங்கினார்.

“சும்மாதான சார் கெடந்துச்சு?”

வெள்ளிக்கிழமை

முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேரப் பத்து மணி. யாருடைய சடங்கை அழித்து யாரிடம் உதை வாங்குவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். உள்ளே போனால் சுகந்தி அமைதியாக வீடியோவை ஒட்டிக்கொண்டிருந்தாள். சிவப்புக் கோடு போய்விட்டிருந்தது. ஃபைல்களைப் பார்த்தேன். ரதியைக் காணோம். விடியற்காலை அவள் எழுந்திருக்கும் முன்னே, மருதமுத்து தானே உட்கார்ந்து அழித்துவிட்டார்.

பதினொன்று நாற்பதுக்கு வீடியோ போய்ச் சேர்ந்தது. சுகந்தி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். செல்வம் எல்லோருக்கும் முந்திக் கை தட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. என் டிஸ்க்கில் கேட்பாரற்ற ஒரு கல்யாணத்தை அன்றைக்கே அழித்திருந்தால் ரதி பிழைத்திருப்பாள். வெளியே வாசலில் நின்ற மருதமுத்துவிடம் போய், “அண்ணே, மனசுக்குக் கஷ்டமா இல்லையா?” என்று கேட்டேன். இரண்டு மணி நேரம் விடாமல் அழத் தெரிந்த மனுஷன், கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லாமல் என்னைப் பார்த்தார்.

“மாசி பொறந்தா நான் மறுபடியும் அழுதுக்குவேன் தம்பி, எம் மகளுக்கு மறுபடியும் இந்த வயசு வருமா?”

இப்போதெல்லாம் இடம் காலி பண்ண யாராவது கூப்பிட்டால், எதை அழிக்க வேண்டும் என்று நான் கேட்பதில்லை, யார் அழப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன்.