ஆறாத காப்பி

குடும்பத்தலைவி வேலையில் ஓய்வு வயது கிடையாது. ஆனால் வேலையே ஒருநாள் நம்மை விட்டுப் போய்விடும். இருபத்தைந்து வருடமாக நான் கேட்டதெல்லாம், யாரும் "எம்மா!" என்று கூப்பிடாமல் ஒரு தம்ளர் காப்பியைச் சூடாகக் குடிக்க வேண்டும் என்பதுதான். நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்குக் கிடைத்துவிட்டது. கணவர் மஸ்கட்டில், மகள் கல்யாணமாகி ஓசூரில், மகன் ஜூன் மாதம் வேலை கிடைத்துப் புனே போய்விட்டான்.

முதல் வாரம்

பாளையங்கோட்டை வீட்டில் நான் மட்டும். கட்டிலில் ஈரத் துண்டு இல்லை. ரிமோட் வைத்த இடத்திலேயே இருந்தது. காப்பி நாக்கைச் சுட்டது. நான் படித்த கான்வென்டில் சிஸ்டர் பிரம்பைத் தட்டித் தட்டிக் கேட்ட சைலன்ஸ், இங்கே பிரம்பில்லாமலே வந்துவிட்டது. எட்டாம் நாள் கீரைக்காரம்மாவை வாசலில் நிறுத்தி அரைமணி நேரம் பேசியிருக்கிறேன். வளவளவென்று பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்: "எம்மா, கீரை வாடுது. மிச்சத்தை நாளைக்குப் பேசுங்க."

நாலு பேர் மாவு

கைக்குப் பழைய அளவு மறக்கவில்லை. நாலு பேருக்கு ஊறப்போட்டு அரைத்துவிட்டு, பக்கத்து வீட்டு பாத்திமாவுக்கு ஒரு தூக்குவாளி இட்லி மாவு கொடுத்தேன். முதல் தடவை வாயெல்லாம் சிரிப்பு. அடுத்த வாரமும் கொடுத்தேன். பிறகு வாரம் இரண்டு தடவை. ஒருநாள் மதிலுக்கு மேல் நீட்டினால், ஈரமில்லாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நிற்கிறாள், வாங்கவில்லை. "எக்கா, கோவிக்காதீங்க. உங்க வாளிச் சத்தம் கேட்டாலே எங்க பிள்ளைய இன்னைக்கும் இட்லியான்னு அழுதுங்க."

கேஸ்

ஒன்றரை மாதத்தில் தீருகிற சிலிண்டர் நாலு மாதம் வந்தது. புதிதை உருட்டிக்கொண்டு வந்த கேஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊர்லதான் இருக்கியளாக்கா? வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டியன்னுல்லா நெனச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை

நான் சர்ச் முடிந்து வந்ததும் மகன் போனில் கூப்பிடுவான். அதற்காகவே யாரிடமும் நின்று பேசாமல் ஓடிவருவேன். போன ஞாயிறு பொறுக்காமல் நானே கூப்பிட்டேன். கிறிஸ்துமஸுக்கு எந்த ரயிலில் வருகிறான் என்று தெரிந்தால் முறுக்குக்கு அரிசி ஊறப்போடலாம். இரண்டு நாள்தான் லீவு, ரயிலிலேயே போய்விடும் என்றான். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எம்மா, எப்பம் பார்த்தாலும் நிம்மதியா விடுங்கலேன்னு கத்துவீங்கள்லா? இப்பம் நல்லா ரெஸ்ட் எடுங்க."

இப்போதெல்லாம் காப்பியைப் போட்டு மேசையில் வைத்து, நன்றாக ஆறின பிறகுதான் குடிக்கிறேன்.