முழங்காலில் ஒரு தட்டு

பிரசவத்துக்கு முன் எனக்குப் பிரஷர் ஏறிவிட்டது. வலிப்பு வரலாம் என்று மன்னார் ஆஸ்பத்திரியில் மக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். பார்த்துக்கொண்ட தாதி ஒல்லியானவர். புருவம் எந்நேரமும் சுருங்கியே இருக்கும். எனக்குக் கண் சொருகும்போதெல்லாம் வந்து, சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டுவார்.

"இதென்ன மருந்து மிஸ்? படுக்க விடுங்கோவன்," என்று எரிந்து விழுந்தேன்.

"ஒரு உப்புத்தான். கரைஞ்சவுடன மக்னீசியம் வேற, சல்பேட் வேற எண்டு பிரிஞ்சிடும். அந்த மக்னீசியம்தான் வலிப்பை அடக்குறது. கூடினா மூச்சையும் அடக்கிப்போடும். அதுக்கு முதல் கால் துள்ளுறது நிண்டிடும். உங்கட கால் துள்ளட்டும், பிறகு நித்திரை கொள்ளுங்கோ."

தட்டினார். கால் துள்ளியது. அப்போதுதான் அந்தப் புருவம் விரிந்தது.

அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. இப்போது நித்திரையில் மகள் என் விலாவில் உதைத்தால், நான் தள்ளிப் படுப்பதில்லை.