வேர்க்காத பதினொன்று

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் மோப்பம். ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்டியில் செருகியிருக்கும் பொருள் அசலா போலியா என்று வீட்டு மேஜையிலிருந்தே சொல்லிவிடுவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தொலைபேசிப் புகார்களை எழுதிக்கொள்ளும் வேலைக்கு வந்தவள், கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுகளில் கழித்துப்போட்டவற்றைக் கிண்டிக் கிண்டியே பதினான்கு வருஷத்தில் இந்த வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

அன்று அவளிடம் சிக்கியது அக்கா வீட்டுக்காரர் விற்ற சரக்கு. திறக்கப்போகும் ஆஸ்பத்திரிக்கு இருபத்து நான்கு மாட்யூல்கள். கண்ணாடி இழைக் கம்பியைச் சுவிட்சோடு சேர்க்கும் விரல் நீளத் துண்டுகள். போலி என்றால், நாளை கோளாறு வரும்போது சுவிட்ச் செய்த கம்பெனிக்காரன் எட்டிப் பார்க்கமாட்டான். மதியத்துக்குள் அவள் ஒப்புதல் தர வேண்டும். அத்தானுக்கோ இதுதான் முதல் பெரிய ஆர்டர். அவர் அங்கே சுவிட்ச் அறையில் போனும் கையுமாக நிற்கிறார். அக்கா இங்கே எதிரே உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறாள்.

"வேணாம்னு எழுதினே, என் வீட்டு வாசப்படி மிதிக்காதே."

"கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடணுமா?"

"ஒரு கண்ணை மூடு, போதும்."

அங்கே செருகிய துண்டுகள் இங்கே அவள் திரையில் சொன்ன பெயரும் வரிசை எண்ணும் சுத்தம். அதை எவனும் எழுதிவிடலாம். அடுத்து வெப்பத்தைக் கேட்டாள். பதிமூன்று துண்டுகள் முப்பத்து மூன்று, முப்பத்தாறு என்று ஆளுக்கொன்று சொல்லின. மீதிப் பதினொன்றும் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒரே குரலில் முப்பத்தைந்து என்றன. அவளுக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது.

"அத்தான், ஏசியை நிறுத்திட்டுக் கதவைச் சாத்துங்க. கால் மணி நேரம்."

"நான் என்னம்மா பாவம் பண்ணேன்?"

நிறுத்தினார். முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்து மூன்று. அவள் ஏலம் விடுகிறவள்போல் உரக்கப் படிக்க, அக்கா பட்டாணியை விட்டுவிட்டுத் திரைக்கு வந்துவிட்டாள்.

"சட்டையைக் கழட்டிக்கட்டுமா?" என்றது போன்.

"அங்க கேமரா இருக்கு, அத்தான்."

பதிமூன்றும் கொதித்தன. பதினொன்று மட்டும் முப்பத்தைந்திலேயே சுகமாக உட்கார்ந்திருந்தன.

"இதுங்களுக்கு வேர்க்கவே இல்ல, அத்தான். சூடு அளக்குற உறுப்பே உள்ள கிடையாது. எவனோ முப்பத்தஞ்சுன்னு எழுதி வச்சிருக்கான்."

அங்கே அவர் தொண்டையைச் செருமினார்.

"கம்பெனி ஸ்டாக் பதிமூணோட தீந்துபோச்சு. மீதியை இன்னொரு கடையில எடுத்தேன். அசல்னு சத்தியம் பண்ணான் படுபாவி. நம்பரைச் சொல்லும்மா, நானே பிடுங்கறேன். புதுசு வர்ற வரைக்கும் கையெழுத்துப் போடாதே."

அவள் சொல்லச் சொல்ல, திரையில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. அடக்கமாட்டாமல் சிரித்தாள்.

"சிரி. நான் தொப்பலா நனைஞ்சு நிக்கறேன். என்னையாவது அசல்னு எழுதிக்கோ."

அக்கா போனைப் பிடுங்கினாள். "அதை நான் எழுதிக்கறேன். முதல்ல ஏசியைப் போடுங்க."