குழாய்க் கசிவில் ஒரு பெரணி

தீவின் துறைமுகத்தை ஒட்டிய ஹேடோவில் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்படிக்கட்டு திரும்புகிற இடத்தில், சுவர் வெடிப்பில் ஒரு பெரணி தானாக முளைத்தது. யாரும் நடவில்லை. நான் ஆசையாக வைத்த கறிவேப்பிலையும் மல்லிகையும் உப்புக்காற்றில் கருகிப்போயிருந்தன. இது மட்டும் வெயில் எட்டிப் பார்க்காத அந்த மூலையில் பழைய சுண்ணாம்புக் காரையைப் பிடித்துக்கொண்டு செழித்தது.

வீட்டுக்காரருக்கு வடக்கே பல மணி நேரத் தூரத்தில் இருக்கிற ரங்கத்தில் வேலை. மாதத்துக்கு இரண்டு தடவை பஸ் பிடித்து வருவார். மற்ற நாட்களில் ஆபீஸ் விட்டு வந்ததும் நான் போய் நிற்கிற இடம் அந்தப் படிக்கட்டு வளைவுதான். பெரணியின் காம்புகள் தலைமுடி கனத்தில் கறுப்பாக மினுங்கும். தளிர்கள் சுருட்டிய பாய் மாதிரி வந்து மெதுவாக விரியும். வேரில் ஈரம் இல்லாவிட்டால் சில நாட்களிலேயே சுருங்கிவிடுகிற செடி. இலைமேல் தண்ணீர் தெளித்தாலோ ஒட்டாமல் உருண்டு விழுந்துவிடும். வேண்டும் என்கிறதா, வேண்டாம் என்கிறதா? ஒருநாள் இலை ஓரமெல்லாம் பழுப்பாகத் தடித்திருந்தது. நோய் என்று பயந்து அரை மணி நேரம் நகத்தால் சுரண்டினேன். பூவும் விதையும் இல்லாத பெரணி தன் வித்துத் தூளை வைத்திருக்கிற இடமே அதுதான் என்று பிறகு போனில் படித்தேன். எம்.எஸ்சி. படித்தவள் செய்த காரியம் இது.

மழை நின்றது. பிப்ரவரியில் குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை என்றானது. முற்றத்துப் புல்கூடக் காய்ந்துவிட்டது, பெரணி மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. என் பாத்ரூம் குழாய் சுவருக்குள்ளே கசிகிறது. புகார் எழுதிக் கொடுத்தால் ஒரு நாள் வேலை. அடைத்தால் செடி போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கீழ் வீட்டில் ராமநாதபுரத்துப் பெண் ஒருத்தி குடியிருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை, மூன்று வயதில் ஒரு மகள். மார்ச்சில் அந்தக் குழந்தைக்கு இளைப்பு வந்தது. படுக்கையறைச் சுவர் ஊறிப் பூஞ்சை பிடித்திருக்கிறது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். ஈரம் எங்கேயிருந்து வருகிறதென்றே தெரியவில்லை என்று என்னிடம் வந்து புலம்பினாள். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். வாய்வரை வந்ததை ஏன் விழுங்கினேன் என்று எனக்கே விளங்கவில்லை. நான் அவ்வளவு கெட்டவளா? மேலும் இரண்டு நாள் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் புகார் எழுதினேன்.

பிளம்பர் வந்து சுவரை உடைத்துக் குழாயை மாற்றினார். கீழ் வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். எனக்குக் கூசியது. இனி பெரணி காயட்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை என்று எனக்கு நானே தண்டனை விதித்துக்கொண்டேன்.

அது காயவில்லை. இரண்டு வாரம் கழித்துப் புதுத் தளிர் வேறு விட்டது. அப்படியானால் கசிவு நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்? வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று பிளம்பரிடம் போனில் கத்தினேன். அவர் வந்து செடியை உற்றுப் பார்த்தார்.

"பானி நஹி தோ யே பத்தா நஹி, மேடம்," என்றார். தண்ணீர் இல்லாமல் இந்த இலை இல்லையாம். திரும்பவும் சுவரைக் கொத்திப் பார்த்தார். குழாயைச் சுற்றிக் காய்ந்து கிடந்தது. கீழ் வீட்டுச் சுவரும் உலர்ந்திருந்தது, குழந்தைக்கு இளைப்பும் குறைந்திருந்தது. ஆனால் பெரணியின் வேரைத் தொட்டால் ஈரம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்கவும் மறந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் துணி காயப்போடக் கொஞ்சம் சீக்கிரமாக இறங்கினேன். கீழ் வீட்டுக்காரி மக்கில் அரிசி கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்து பெரணியின் வேரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பஞ்ச நாட்களில் அது பாத்திரம் கழுவ எடுத்து வைக்கிற தண்ணீர்.

என்னைப் பார்த்து வெட்கத்துடன் சிரித்தாள். "தினம் நீங்க இதுகிட்ட வந்து நிக்கிறதப் பாப்பேங்க்கா. எம் புள்ளைக்காக பைப்ப அடைச்சீங்க. ஒங்க செடி காஞ்சிரக் கூடாதுல்ல?"

சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"பைப் லீக் ஆறது எனக்கு முன்னாடியே தெரியும்மா."

அவள் சிரிப்பு நின்றது. "எப்பலேர்ந்து?"

"மழ நின்னதுலேர்ந்து."

அவள் மனசுக்குள் மாதங்களை எண்ணுவது எனக்குத் தெரிந்தது. திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குனிந்து, மக்கில் மிச்சமிருந்த தண்ணீரையும் சிந்தாமல் வேரில் ஊற்றிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கீழே இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. காலையில் நான் போய்த் தொட்டுப் பார்க்கும்போது வேர் மட்டும் தினமும் ஈரமாக இருக்கிறது.